கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர்: திறக்காத விர்ச்சுவல் மெஷினில் இருந்து கோப்புகளை மீட்பது எப்படி?

செஞ்சி, வல்லம், திண்டிவனம் என்று எந்த ஊர் கடைத்தெருவுக்குப் போனாலும் ஒரு டிடிபி சென்டரோ, ஜெராக்ஸ் கடையோ, ஜிஎஸ்டி கணக்கு பார்த்துத் தரும் அலுவலகமோ இருக்கும். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பத்திர வரைவு, அரிசி மண்டியின் வரவு செலவு என்று ஊரின் பாதி வாழ்க்கை அங்கே உள்ள கம்ப்யூட்டரில்தான் இருக்கும். அந்த வேலைகளில் பல, இன்றைய விண்டோஸில் சரியாக ஓடாத பழைய மென்பொருள்களை நம்பி நடப்பவை. பேஜ்மேக்கர் அதற்கு நல்ல உதாரணம். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-ல்.

புது கம்ப்யூட்டர் வாங்கும்போது, “பழசுல இருந்தது எல்லாம் அப்படியே வேணும்” என்று கேட்டால், விவரம் தெரிந்த சர்வீஸ்காரர் ஒரு வேலை செய்வார். பழைய விண்டோஸையே புது கம்ப்யூட்டருக்குள் ஒரு ‘விர்ச்சுவல் மெஷின்’ ஆகப் போட்டுக் கொடுத்துவிடுவார். ஒரு ஜன்னலைத் திறந்தால் அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும். பல வருஷம் பிரச்சினை இல்லாமல் போகும்.

ஒருநாள் அது திறக்காது. அல்லது புது கம்ப்யூட்டரே பழுதாகி, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுக்க வேண்டி வரும். அல்லது வேறு ஓஎஸ் உள்ள லேப்டாப்புக்கு மாற வேண்டியிருக்கும். அப்போது வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: “ஓஎஸ் போயிடுச்சு சார், ஃபார்மட் போட்டாத்தான் சரியாகும்.”

அந்த இடத்தில் கொஞ்சம் பொறுங்கள். விர்ச்சுவல் மெஷின் இயங்காமல் போவது வேறு, அதற்குள் இருக்கும் கோப்புகள் அழிந்துபோவது வேறு. இயங்காத மெஷினில் இருந்து, அதுவும் முற்றிலும் வேறொரு ஓஎஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே, கோப்புகளை எடுக்க முடியும். பெரும்பாலான சமயங்களில் அதற்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்கவும் தேவையில்லை.

விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன?

செஞ்சிக் கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் வளைத்து ஒரு வெளி மதில். அதற்குள் ஒவ்வொரு மலைக்கும் தனிக் காவல், தனி வாசல். உங்கள் நிஜ கம்ப்யூட்டர்தான் வெளி மதில். அதில் ஓடும் ஓஎஸ்ஸை ‘ஹோஸ்ட்’ என்பார்கள். அதற்குள் தனிக்கோட்டையாக ஓடுவது விர்ச்சுவல் மெஷின். அதன் ஓஎஸ்ஸுக்கு ‘கெஸ்ட்’ என்று பெயர். தான் ஒரு நிஜ கம்ப்யூட்டரில் இருப்பதாகவே கெஸ்ட் நினைத்துக்கொள்ளும்.

இது புது விஷயம் அல்ல. ஐபிஎம் நிறுவனம் 1960-களிலேயே தன் பெரிய மெயின்ஃபிரேம்களில் இதைச் செய்து பார்த்துவிட்டது. சாதாரண மேசைக் கம்ப்யூட்டருக்கு இதைக் கொண்டுவந்தது விஎம்வேர். அதன் வொர்க்ஸ்டேஷன் மென்பொருள் 1999-ல் வந்தது. 2003-ல் க்யூஎமு, 2007-ல் விர்ச்சுவல்பாக்ஸ் என்று இலவச மென்பொருள்களும் வந்தபிறகு, மாணவர்கள் முதல் சின்ன அலுவலகங்கள் வரை பலரும் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கெஸ்ட்டுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வேண்டும் அல்லவா? நிஜ டிஸ்க்கைக் கொடுக்க முடியாது. அதனால் ஹோஸ்ட்டில் ஒரு பெரிய கோப்பை உருவாக்கி, “இதுதான் உன் ஹார்ட் டிஸ்க்” என்று கெஸ்ட்டிடம் சொல்லிவிடுவார்கள். இந்தக் கோப்புக்குத்தான் ‘டிஸ்க் இமேஜ்’ என்று பெயர். கெஸ்ட்டின் விண்டோஸ், பேஜ்மேக்கர், டேலி, போட்டோக்கள் எல்லாமே அந்த ஒரே கோப்புக்குள்தான் அடங்கியிருக்கும்.

கோட்டை வாசல் இடிந்து விழுந்து வழி அடைபட்டாலும், உள்ளே நெற்களஞ்சியம் அப்படியேதான் இருக்கும். வாசலைச் சரிசெய்து உள்ளே போவது ஒரு வழி. அதாவது பழைய விண்டோஸை எப்படியாவது மறுபடி இயங்க வைப்பது. வாசலை விட்டுவிட்டு நேராகக் களஞ்சியத்துக்குப் போவது இன்னொரு வழி. நமக்கு நெல்தானே வேண்டும்? இரண்டாவது வழியே போதும்.

யாருக்கெல்லாம் இது நேரும்?

பழைய மென்பொருளைக் கட்டிக்காக்கும் கடைக்காரர்களுக்கு மட்டும் இல்லை. சில நிஜமான சூழல்களைப் பாருங்கள்.

விண்டோஸ் 7 புரொஃபஷனல் வைத்திருந்தவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ‘எக்ஸ்பி மோட்’ என்ற வசதியை இலவசமாகத் தந்தது. அது உண்மையில் ஒரு விர்ச்சுவல் மெஷின்தான். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ல் முடிந்தது. அதன்பின் விண்டோஸ் 10-க்கு மாறியவர்களுக்கு எக்ஸ்பி மோட் ஓடவில்லை. அதன் டிஸ்க் இமேஜ் மட்டும் பழைய டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். இப்போது விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் ஆதரவு முடிந்துவிட்டதால், இன்னொரு சுற்று இடமாற்றம் நடந்துகொண்டிருக்கிறது.

ஆப்பிள் நிறுவனம் 2020 நவம்பரில் இன்டெல் சிப்பை விட்டுத் தன் சொந்த எம்1 சிப்புக்கு மாறியது. பழைய மேக்புக்கில் விண்டோஸை விர்ச்சுவல் மெஷினாக வைத்திருந்த ஐடி ஊழியர், அதைப் புது மேக்கில் காப்பி செய்து திறந்தால் வழக்கம்போல ஓடாது. இன்டெல் சிப்புக்கென்று நிறுவிய விண்டோஸ் அது. ஆனால் கோப்புகள் எந்தச் சிப்பைப் பற்றியும் கவலைப்படுவதில்லை. அவற்றை எடுக்கலாம்.

புரோகிராமிங் படிக்கும் இளைஞர்கள் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் ‘டபிள்யூஎஸ்எல்’ வசதியைப் பயன்படுத்துவார்கள். அதன் இரண்டாம் பதிப்பும் ஒரு விர்ச்சுவல் மெஷினே. விண்டோஸ் கெட்டுப்போனால், ஆறு மாதம் எழுதிய புராஜெக்ட், யூசர் ஃபோல்டரின் ஆழத்தில் விஹெச்டிஎக்ஸ் வகைக் கோப்பு ஒன்றுக்குள் மாட்டிக்கொள்ளும். ‘டாகுமென்ட்ஸ்’ ஃபோல்டரை மட்டும் காப்பி செய்துவிட்டு ஃபார்மட் போட்டவர்கள் பிறகுதான் தலையில் கை வைப்பார்கள்.

தமிழ்நாட்டில் இன்னொரு கதையும் உண்டு. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த கருவிகளில் விண்டோஸோடு ‘பாஸ் லினக்ஸ்’ ஓஎஸ்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. வீட்டுக்கு ஒரு லேப்டாப் வந்தபோதே இரண்டு ஓஎஸ்ஸும் சேர்ந்து வந்துவிட்டது. பலர் அந்த லினக்ஸ் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை. ஆனால் விண்டோஸ் டிஸ்க் இமேஜைத் திறக்க லினக்ஸ் அருமையான கருவி.

இயற்கையும் ஒரு காரணம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடானது. கடைக்குள் தண்ணீர் புகுந்தால் சிபியுவின் போர்டு போய்விடும். உள்ளே இருக்கும் டிஸ்க் தப்பித்திருந்தால், அதை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, அதற்குள் உள்ள இமேஜையும் திறக்க வேண்டியிருக்கும்.

முதல் விதி: அசலைத் தொடாதே

மீட்பு வேலையில் பெரும்பாலான இழப்பு, முதலில் நேர்ந்த பழுதால் வருவதில்லை. அவசரத்தில் செய்யும் இரண்டாவது காரியத்தால் வருகிறது. திறக்காத மெஷினைத் திரும்பத் திரும்ப ஆன் செய்வது, “ரிப்பேர்” என்று கேட்கும் இடத்தில் எல்லாம் ‘எஸ்’ அழுத்துவது, அதே டிஸ்க்கில் புது மென்பொருள் நிறுவுவது... இவை ஒவ்வொன்றும் பழைய தகவலின்மேல் புதிதாக எழுதுகின்றன.

எனவே முதலில் இமேஜ் இருக்கும் முழு ஃபோல்டரையும் வேறொரு டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். இமேஜ் கோப்பை மட்டும் அல்ல, கூட இருக்கும் சின்னச் சின்னக் கோப்புகளையும் சேர்த்து. காரணம் பின்னால் வருகிறது.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் பென் டிரைவ். கடையில் வாங்கும் பல பென் டிரைவ்கள் ‘ஃபேட்32’ முறையில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒரு தனிக் கோப்பை வைக்க முடியாது. டிரைவில் 64 ஜிபி காலியாக இருந்தாலும் “இடம் இல்லை” என்பது போன்ற செய்தி வரும். டிஸ்க் இமேஜ்கள் 20, 40 ஜிபி இருப்பது சாதாரணம். காலி டிரைவை ‘எக்ஸ்ஃபேட்’ அல்லது ‘என்டிஎஃப்எஸ்’ முறைக்கு மாற்றிவிட்டுக் காப்பி செய்தால் பிரச்சினை தீரும். மேக்கிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட் வசதி.

காப்பி சரியாக வந்ததா என்று பார்க்க ‘எஸ்ஹெச்ஏ-256’ என்ற கணக்கு உண்டு. ஒரு கோப்பை முழுக்கப் படித்து 64 எழுத்துள்ள ஒரு அடையாளத்தைத் தரும். அசலுக்கும் நகலுக்கும் அது ஒன்றாக இருந்தால், ஒரு புள்ளிகூட மாறவில்லை என்று பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இதற்கான கட்டளை தயாராகவே இருக்கிறது. இனி எல்லா வேலையும் நகலில்தான்.

ஹார்ட் டிஸ்க்கே ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டாலோ, காப்பி பாதியில் நின்றாலோ, அது மென்பொருள் பிரச்சினை அல்ல. உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, டிஸ்க் மீட்பில் அனுபவம் உள்ளவரிடம் போவதே நல்லது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் வாய்ப்பு குறையும்.

பெட்டிக்குள் பெட்டி: எந்த வகை இமேஜ்?

கோப்பின் வாலைப் பாருங்கள், அதாவது பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை. விடிஐ என்றால் விர்ச்சுவல்பாக்ஸ். விஎம்டிகே என்றால் விஎம்வேர். விஹெச்டி, விஹெச்டிஎக்ஸ் என்றால் மைக்ரோசாஃப்ட்டின் விர்ச்சுவல் பிசி, ஹைப்பர்-வி, டபிள்யூஎஸ்எல் குடும்பம். க்யூகவ்2 என்றால் லினக்ஸ் உலகின் க்யூஎமு. மேக்கில் யூடிஎம் பயன்படுத்துபவர்களிடமும் இருக்கும்.

இது வெளிப்பெட்டி மட்டுமே. அதற்குள் இன்னொரு பெட்டி உண்டு: ‘ஃபைல் சிஸ்டம்’. கோப்புகளை எந்த ஒழுங்கில் அடுக்கி, எந்தப் பதிவேட்டில் குறித்து வைப்பது என்ற முறை. கெஸ்ட் விண்டோஸாக இருந்தால் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ். லினக்ஸாக இருந்தால் பெரும்பாலும் எக்ஸ்ட்4. ஒரு மென்பொருள் உங்கள் இமேஜைத் திறக்க வேண்டும் என்றால் இரண்டு பெட்டிகளையும் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும். வெளிப்பெட்டி திறந்தும் உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்றால், ஃபைல் சிஸ்டம் புரியவில்லை என்று அர்த்தம். கோப்பு போய்விட்டது என்று அர்த்தம் அல்ல. “இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?” என்று விண்டோஸ் கேட்பதும் இந்த இடத்தில்தான். ‘கேன்சல்’ அழுத்துங்கள்.

வழி 1: விண்டோஸில் இருந்து

எளிமையான கருவி 7-ஜிப். சுருக்கிய கோப்புகளை விரிக்க எல்லோரும் பயன்படுத்தும் அதே இலவச மென்பொருள்தான். இது விடிஐ, விஎம்டிகே, விஹெச்டி, விஹெச்டிஎக்ஸ், க்யூகவ்2 ஆகியவற்றைத் திறக்கும். உள்ளே என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 இரண்டையும் படிக்கும். இமேஜ்மேல் ரைட் கிளிக் செய்து திறந்தால், உள்ளே பார்ட்டிஷன்கள் வரிசையாகத் தெரியும். அளவில் பெரியதைத் திறந்தால் ஃபோல்டர்கள் வந்துவிடும். வேண்டியதை வெளியே இழுத்துப் போட வேண்டியதுதான். இமேஜை ஏற்றாமல் படித்து மட்டும் எடுப்பதால் முதல் முயற்சிக்கு இது பாதுகாப்பானது.

விஹெச்டி வகை என்றால் விண்டோஸே திறக்கும். ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதியில் ‘அட்டாச் விஹெச்டி’ என்று கொடுத்து, ‘ரீட்-ஒன்லி’ என்ற கட்டத்தில் டிக் போட்டால் புதிய டிரைவ் ஒன்று முளைக்கும். அந்த டிக் முக்கியம். போடாவிட்டால் விண்டோஸ் உள்ளே எழுதத் தொடங்கிவிடும்.

லினக்ஸ் இருக்கும் விஹெச்டிஎக்ஸ் கோப்பை, இன்னொரு கம்ப்யூட்டரில் டபிள்யூஎஸ்எல் நிறுவி, அதன் ‘மவுன்ட்’ கட்டளையால் ஏற்றலாம்.

வழி 2: லினக்ஸில் இருந்து

உபுண்டு, டெபியன் போன்ற எந்த லினக்ஸிலும் ‘லிப்கெஸ்ட்எஃப்எஸ்’ என்ற இலவசத் தொகுப்பை நிறுவலாம். அதில் உள்ள ‘கெஸ்ட்மவுன்ட்’ கட்டளை, இமேஜுக்குள் என்ன ஓஎஸ் இருக்கிறது என்று தானே கண்டுபிடித்து, பார்ட்டிஷன்களைச் சரியான இடத்தில் பொருத்தி, ஒரு சாதாரண ஃபோல்டராகக் காட்டிவிடும். படிக்க மட்டும் திறக்கும் ‘ஆர்ஓ’ தேர்வை மறக்காமல் சேர்க்க வேண்டும். சில லினக்ஸ்கள் பல பார்ட்டிஷன்களை ஒன்றாகக் கோக்கும் ‘எல்விஎம்’ முறையில் இருக்கும். ஃபெடோரா 2020 முதல் ‘பிடிஆர்எஃப்எஸ்’ என்ற வேறு ஃபைல் சிஸ்டத்துக்கு மாறியது. இப்படிப்பட்டவற்றைத் திறக்க லினக்ஸ்தான் சரியான இடம்.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸை லினக்ஸ் பல வருஷமாகவே படிக்கிறது. 2021-ல் வந்த லினக்ஸ் கெர்னல் 5.15-ல் அதற்கெனத் தனி டிரைவரும் சேர்ந்தது. ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் முழுதாக ஷட்டவுன் ஆகாமல் ‘ஹைபர்னேட்’ நிலையில் நின்றிருந்தால், எழுதும் அனுமதியுடன் ஏற்ற லினக்ஸ் மறுக்கும். அது தவறு அல்ல, பாதுகாப்பு. படிக்க மட்டும் ஏற்றினால் கோப்புகள் வரும். வற்புறுத்தித் திறக்கும் கட்டளையை இணையத்தில் பார்த்து அப்படியே போட்டுவிடாதீர்கள்.

வழி 3: எந்த ஓஎஸ்ஸுக்கும் பொருந்தும் வழி

கட்டளை எல்லாம் பழக்கம் இல்லை என்பவர்களுக்கு இதுதான் வசதி. இயங்காத பழைய கெஸ்ட்டை விட்டுவிடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் புதிதாக ஒரு மெஷின் உருவாக்கி, நிறுவாமலே ஓடும் ‘லைவ்’ லினக்ஸ் ஒன்றில் அதைத் துவக்குங்கள். உங்கள் இமேஜின் நகலை அதற்கு இரண்டாவது டிஸ்க்காக இணைத்துவிடுங்கள். ஃபைல் மேனேஜரில் பழைய டிஸ்க் ஒரு டிரைவாகத் தெரியும். பென் டிரைவையோ நெட்வொர்க் ஃபோல்டரையோ இணைத்துக் காப்பி செய்துகொள்ளலாம்.

இமேஜை இணைக்கும் முன் விர்ச்சுவல்பாக்ஸில் அதன் வகையை ‘இம்மியூட்டபிள்’ என்று மாற்றிவிட்டால், எழுதப்படும் எதுவும் அசல் இமேஜுக்குப் போகாது. தனியே ஒரு தற்காலிகக் கோப்புக்குப் போய்விடும்.

எம்1 முதலான புது மேக் வைத்திருப்பவர்கள் யூடிஎம் மென்பொருளில் இதே உத்தியைச் செய்யலாம். அந்தச் சிப்புக்கான லினக்ஸை வேகமாக ஓட்டி, பழைய இன்டெல் விண்டோஸ் இமேஜை இரண்டாவது டிஸ்க்காக இணைத்தால் போதும். விண்டோஸை ஓட்டவே தேவையில்லை என்பதால் சிப் வேறுபாடு தடையாகாது.

“திறந்துச்சு, ஆனா பழைய ஃபைல்தான் இருக்கு!”

இது அடிக்கடி வரும் குழப்பம். காரணம் ‘ஸ்நாப்ஷாட்’. ஒரு கட்டத்தில் யாரோ “இந்த நிலையை நினைவில் வை” என்று ஸ்நாப்ஷாட் எடுத்திருப்பார்கள். அன்றிலிருந்து அசல் இமேஜ் அப்படியே உறைந்துவிடும். பின்னால் செய்த மாற்றங்கள் எல்லாம் வேறொரு கோப்பில் சேரும். பேரேட்டை மூடிவிட்டுத் துணைப் பேரேட்டில் எழுதுவது போல. அசலை மட்டும் திறந்தால் ஸ்நாப்ஷாட் எடுத்த நாளின் கணக்குதான் தெரியும்.

விர்ச்சுவல்பாக்ஸில் இந்தத் துணைக் கோப்புகள் ‘ஸ்நாப்ஷாட்ஸ்’ என்ற ஃபோல்டரில் இருக்கும். விஎம்வேரில் அசல் பெயரோடு ஆறு இலக்க எண் ஒட்டிக்கொண்டிருக்கும். விஎம்வேர் சில சமயம் ஒரே டிஸ்க்கைப் பல துண்டுகளாக உடைத்தும் வைக்கும். அந்தத் துண்டுகளின் வரிசையைச் சொல்வது சில வரிகளே உள்ள ஒரு குட்டிக் கோப்பு. “சின்ன ஃபைல்தானே” என்று அதை விட்டுவிட்டு வந்தால் சிக்கல்தான். முழு ஃபோல்டரையும் காப்பி செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

எக்ஸ்பி மோடிலும் இதே கதை. யூசர் ஃபோல்டரில் இருப்பது மாற்றங்கள் மட்டுமே உள்ள இமேஜ். அதன் தாய் இமேஜ் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ பகுதியில் தனியாக இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் முழு டிஸ்க்.

இவற்றை ஒன்றுசேர்க்கப் பாதுகாப்பான வழி ‘குளோன்’ செய்வது. கடைசி நிலையைத் தேர்ந்தெடுத்துக் குளோன் எடுத்தால் எல்லாம் இணைந்த புது இமேஜ் ஒன்று கிடைக்கும். அசல் சங்கிலி கலையாது. எந்தச் சூழலிலும் தாய் இமேஜை எழுதும் அனுமதியுடன் திறக்காதீர்கள். தாயில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் அதை நம்பியிருக்கும் பிள்ளை இமேஜ்கள் செல்லாமல் போகும்.

உள்ளே எங்கே தேடுவது?

விண்டோஸ் 7-ம் அதற்குப் பின் வந்தவையும் என்றால் ‘யூசர்ஸ்’ ஃபோல்டர். எக்ஸ்பி என்றால் ‘டாகுமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’. லினக்ஸ் என்றால் ‘ஹோம்’. டேலி கணக்குகள் கம்பெனிப் பெயரில் இருக்காது. ‘டேட்டா’ ஃபோல்டருக்குள் எண்களால் பெயரிட்ட ஃபோல்டர்களாக இருக்கும். தனித்தனிக் கோப்பாகப் பொறுக்காமல் அந்த எண் ஃபோல்டரை முழுதாக எடுக்க வேண்டும்.

கணக்குக் கோப்புகளை மீட்பது வெறும் ஆசைக்காக அல்ல. ஜிஎஸ்டி சட்டப்படி, வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளில் இருந்து 72 மாதங்கள் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும். “கம்ப்யூட்டர் போயிடுச்சு” என்பது அதிகாரியிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல.

தமிழுக்கென்றே ஒரு சிக்கல்: எழுத்துரு

கோப்பு பத்திரமாக வந்துவிட்டது. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. “கரப்ட் ஆயிடுச்சு” என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யூனிகோட் பரவலாவதற்கு முன் தமிழை எழுதப் பல முறைகள் இருந்தன. பாமினி, டிஸ்கி, டாப், டாம், வானவில் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. அந்தக் கோப்புகளில் உண்மையில் இருப்பவை வேறு குறிகள்; அந்த எழுத்துரு இருந்தால் மட்டுமே அவை தமிழாகத் தெரியும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் டாம், டாப் முறைகளைத் தமிழக அரசு தரமாக ஏற்றது. 2010-ல் யூனிகோடுக்கும் டேஸ்16 முறைக்கும் மாறியது. இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பிறகும் கடைகளில் செய்த ஏராளமான வேலைகள் பழைய எழுத்துருக்களிலேயே இருக்கின்றன.

அதனால் இமேஜில் இருந்து ஆவணங்களை எடுக்கும்போதே, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். வெறும் உரை என்றால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் அதை யூனிகோடாக்கிவிடும். பேஜ்மேக்கர் கோப்பாக இருந்தால் கதை வேறு. அதைத் திறக்கப் பழைய மென்பொருளே வேண்டும். வேறொரு எக்ஸ்பி மெஷினில் திறந்து, எழுத்துருவோடு பிடிஎஃப் ஆக்கி வைத்தால், குறைந்தபட்சம் இனி எங்கேயும் படிக்க முடியும்.

இமேஜை முழுதாகக் காப்பாற்றி வைப்பதற்கும் மதிப்பு உண்டு. எழுத்தாளர் சல்மான் ருஷ்டி பயன்படுத்திய பழைய மேக் கம்ப்யூட்டர்களை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் பெற்றுக்கொண்டபோது, கோப்புகளை மட்டும் எடுக்கவில்லை. டிஸ்க்கை முழுதாக இமேஜ் எடுத்து, அவருடைய ஒரு கம்ப்யூட்டரின் சூழலையே ஆய்வாளர்கள் உள்ளே போய்ப் பார்க்கும்படி 2010-ல் திறந்துவைத்தது. ஊர்க்கடையில் உள்ள எக்ஸ்பி இமேஜும் ஒருவகையில் அப்படித்தான். ஒரு ஊரின் 15 வருஷக் கல்யாணங்களும் காதுகுத்துகளும் அதில் இருக்கலாம்.

எப்போது முடியாது?

எல்லா இமேஜும் திறந்துவிடும் என்று சொல்ல முடியாது. உள்ளே பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். லினக்ஸின் ‘லக்ஸ்’ பூட்டு என்றால் கடவுச்சொல் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால், “நான் உடைச்சுத் தர்றேன்” என்று யார் சொன்னாலும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கெஸ்ட்டுக்குள் கோப்பை அழித்துவிட்டீர்கள், அல்லது உள்ளேயே ஃபார்மட் போட்டுவிட்டீர்கள் என்றால் இன்னும் வாய்ப்பு உண்டு. டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவிகள், இழந்த பார்ட்டிஷனையும் அழிந்த கோப்புகளையும் தேடித் தரும். ஃபோட்டோரெக் தரும் கோப்புகளுக்குப் பழைய பெயர் இருக்காது. ஆயிரக்கணக்கில் வந்து குவியும். உட்கார்ந்து பிரிக்க வேண்டும்.

இமேஜ் கோப்பையே ஹோஸ்ட்டில் அழித்துவிட்டால், அதுவும் எஸ்எஸ்டி டிஸ்க்கில் இருந்து என்றால், நம்பிக்கை குறைவு. அழித்த இடத்தை உடனே காலி செய்யும் ‘டிரிம்’ என்ற வேலையை எஸ்எஸ்டி செய்துவிடும்.

மீட்ட பிறகு

பழைய எக்ஸ்பி இமேஜில் பழைய வைரஸும் இருக்கலாம். எனவே ஆவணங்களை மட்டும் எடுங்கள். இயங்கும் புரோகிராம் கோப்புகளை எடுக்காதீர்கள். எடுத்ததை ஆன்டிவைரஸில் ஒருமுறை சோதித்துவிட்டுத் திறங்கள். எக்ஸ்பியை மறுபடி ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதன் நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு ஓட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கடைக் கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர்களின் ஆதார் நகல், பான் கார்டு, பத்திரம் எல்லாம் இருக்கும். மீட்புக்காக இமேஜை வேறொருவரிடம் கொடுக்கும்போது அவர்களின் தகவலையும் சேர்த்தே கொடுக்கிறோம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், நம்பிக் கொடுத்தவரின் ஆவணம் அது. வேலை முடிந்ததும் இடையில் எடுத்த நகல்களை எல்லாம் அழித்துவிட்டார்களா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

இனி விர்ச்சுவல் மெஷின் வைத்திருப்பவர்கள் ஒரு சின்னப் பழக்கத்தை வைத்துக்கொண்டால் இந்தப் பாடே வேண்டாம். மென்பொருள் கெஸ்ட்டுக்குள் இருக்கட்டும். கோப்புகளை ‘ஷேர்டு ஃபோல்டர்’ வழியாக ஹோஸ்ட்டில் சேமியுங்கள். மாதம் ஒருமுறை மெஷினை முழுதாக ஷட்டவுன் செய்து, அந்த முழு ஃபோல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கடையிலேயே வைக்காமல் வீட்டில் வையுங்கள். ஸ்நாப்ஷாட் என்பது பேக்கப் அல்ல. அதே டிஸ்க்கில் இருக்கும் எதுவும் பேக்கப் அல்ல.

அதற்கு முன் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்று. உங்கள் கம்ப்யூட்டரில் விடிஐ, விஎம்டிகே, விஹெச்டி, விஹெச்டிஎக்ஸ், க்யூகவ்2 என்று முடியும் கோப்புகள் இருக்கின்றனவா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். யாராவது ஃபார்மட் போடச் சொல்வதற்குள், அந்தக் கோப்புகள் இருக்கும் இடமாவது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.